அத்தியாயம் 7: மாணவர் குழுவாக ஆலோசனைப் பணி – முதல் சந்திப்பிலிருந்து ஒப்படைப்பு வரை

தொண்டு மருத்துவமனைகளிலும் கிராமங்களில் வேலை செய்யும் அமைப்புகளிலும் நாள்பட்ட ஒரு பிரச்சினையாவது இருக்கும். அதை உட்கார்ந்து யோசிக்க அங்கே ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. நான்கைந்து மாணவர்கள் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் அந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, சில வாரங்கள் ஆராய்ந்து, அந்த அமைப்பால் செய்யக்கூடிய ஒரு வழியைச் செய்துகாட்டிவிட்டு வருவதுதான் மாணவர் குழு ஆலோசனைப் பணி. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், எம்.ஐ.டி. ஆகிய இடங்களில் உலகச் சுகாதாரம், வளர்ச்சி சார்ந்த படிப்புகளில் இதற்குத் தனி இடம் உண்டு. நம் கல்லூரிகளிலும் சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், மேலாண்மை படிப்பவர்களுக்குக் களப்பணி, இன்டர்ன்ஷிப், சம்மர் ப்ராஜெக்ட் என்ற பெயர்களில் இதைச் செய்ய வாய்ப்பு இருக்கிறது.

வழக்கமான ப்ராஜெக்டில் கேள்வி உங்களுடையது. படிப்பவர் உங்கள் ஆசிரியர். இங்கே கேள்வி அமைப்பினுடையது. உங்கள் வேலையின் பலனை அனுபவிப்பவர்களும் தவறுக்கு விலை கொடுப்பவர்களும் அதன் நோயாளிகள். அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாங்கள் போன பிறகு இதை யார் செய்வார்கள்? பதில் இல்லாத எந்தப் பரிந்துரையும், எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும், அமைப்பின் அலமாரியில்தான் முடியும்.

படிகளை விளக்க ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். மலையடிவார ஊர் ஒன்றில் தொண்டு நிறுவனம் நடத்தும் சிறு மருத்துவமனை. பி.பி.க்கு மாத்திரை வாங்கும் நோயாளிகளில் பலர் சில மாதங்களில் வராமல் நின்றுவிடுகிறார்கள். "என்ன செய்யலாம்?" என்று மருத்துவர் கேட்கிறார்.

## முதல் பகுதி: தயாரிப்பு

இந்த ஐந்து படிகளையும் முந்தைய பருவத்திலேயே முடித்துவிடுங்கள். பத்து வாரக் கணக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

### படி 1: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு கேள்விகளுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

1. பிரச்சினையை அவர்களே சொல்கிறார்களா? "நீங்களே ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லும் இடத்தில் உங்கள் பரிந்துரையை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.
2. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒதுக்குவாரா?
3. பதிவேடுகளைப் பார்க்க விடுவார்களா? அவை நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் போதும்.
4. அங்கே வருகிற நோயாளிகளின் மொழி உங்கள் குழுவில் ஒருவருக்காவது தெரியுமா? ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வேண்டியிருக்கும். பழங்குடிக் கிராமங்களில் நீங்கள் பேசும் தமிழே அவர்களுக்கு அந்நியமாக இருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: பெயர் பெற்ற பெரிய நிறுவனத்தைத் தேடி ஓடுவது. பெரிய இடங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் உழைப்பு அதிகம் தேவைப்படுவது இரண்டு நர்ஸும் ஒரு மருத்துவரும் ஓடியாடி வேலை பார்க்கும் இடத்தில்தான்.

### படி 2: குழுவை அமையுங்கள்

நான்கிலிருந்து ஆறு பேர் போதும். வெவ்வேறு துறையினர் கலந்திருப்பது நல்லது. பொறுப்புகளை முதல் நாளே பிரித்து எழுதிவிடுங்கள்.

- தொடர்பாளர்: அமைப்புடன் பேசுவது இவர் ஒருவரே. ஐந்து பேரிடமிருந்தும் ஐந்து வாட்ஸ்அப் செய்தி போனால் நர்ஸ் அக்கா யாருக்குப் பதில் சொல்வார்?
- களப் பொறுப்பாளர்: யார், எங்கே, எப்போது போகிறார்கள் என்ற அட்டவணை இவர் கையில்.
- தரவுப் பொறுப்பாளர்: எண்கள் எங்கே இருக்கின்றன, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பது.
- எழுத்துப் பொறுப்பாளர்: கூட்டக் குறிப்பு, வாராந்திரச் சுருக்கம், இறுதி அறிக்கை.
- பாதுகாப்புப் பொறுப்பாளர்: நோயாளிகளின் பாதுகாப்பு, குழுவின் பாதுகாப்பு இரண்டும். "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் இவருக்கு இருக்க வேண்டும்.

பஸ் செலவு, நகல் எடுக்கும் செலவு, போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் கூட்டி ஒரு சிறு பட்ஜெட் போடுங்கள். அதில் ஒரு ரூபாய்கூட அமைப்பின் தலையில் விழக்கூடாது.

### படி 3: கேள்வியைச் சுருக்குங்கள்

இந்த அத்தியாயத்தில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். கேள்வி பெரிதாக இருந்தால் பத்து வாரமும் தகவல் சேர்ப்பதிலேயே கரைந்துபோகும்.

கூர்மையான கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இந்தியாவில் அத்தனை படுக்கைகள் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் கீமோதெரபி மையம், காசநோயை ஒழிப்பது எப்படி என்று கேட்கவில்லை. ஒரே மருந்தைக் கொடுத்தால் வீட்டில் இருக்கும் நோயாளியும் சானடோரியத்தில் இருப்பவர் அளவுக்குக் குணமாவாரா என்று கேட்டது. 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று காட்டியது. உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையே அதன் பிறகு மாறியது. அந்தக் கேள்விக்குள் யாருக்கு, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்ற மூன்றும் இருந்தன. உங்கள் கேள்வியிலும் இருக்கட்டும்.

நம் மாதிரியில் சுருக்கும் வரிசை:

1. வந்த கேள்வி: "பி.பி. நோயாளிகள் ஏன் வருவதில்லை?"
2. யார் என்று குறுக்குங்கள்: கடந்த ஓராண்டில் இங்கே பி.பி. சிகிச்சைக்குப் பதிவு செய்தவர்கள்.
3. "வரவில்லை" என்பதை அளவாக்குங்கள்: வரச்சொன்ன தேதி தாண்டி 30 நாள் ஆகியும் வராதவர்கள்.
4. எல்லை போடுங்கள்: இப்போதுள்ள ஊழியர்கள், இப்போதுள்ள பணம்.
5. கடைசி வடிவம்: "கடந்த ஓராண்டில் பதிவான பி.பி. நோயாளிகளில் தேதி தாண்டி 30 நாள் வராதவர்கள் யார், எதனால் நிற்கிறார்கள், இப்போதுள்ள ஊழியர்களைக் கொண்டே அவர்களை எப்படித் திரும்ப வரவழைப்பது?"

டிப்ஸ்: கடைசி வடிவத்தை மருத்துவரிடம் மட்டும் காட்டாதீர்கள். பதிவேடு எழுதும் நர்ஸிடமும், சீட்டுப் போடும் கவுன்டரில் இருப்பவரிடமும் படித்துக் காட்டுங்கள். "அது பிரச்சினையே இல்ல தம்பி, மாத்திரை பாதி மாசத்துக்குத்தான் ஸ்டாக் வருது" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு நான்கு வாரம் மிச்சம்.

### படி 4: பணி வரையறை எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இவை மட்டும் இருக்கட்டும்:

1. கேள்வி, ஒரே வாக்கியத்தில்.
2. செய்யப்போவது, செய்யப்போகாதது. "மென்பொருள் செய்து தரமாட்டோம், நிதி திரட்டித் தரமாட்டோம், சிகிச்சை முறையில் கருத்துச் சொல்லமாட்டோம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள்.
3. கையில் தரப்போகும் பொருள்: செயல்முறைத் தாள், பயிற்சி, அறிக்கை.
4. யார் எப்போது நேரம் தருவார்கள்.
5. தரவு யாருடையது, எங்கே வைக்கப்படும், எந்தத் தேதியில் அழிக்கப்படும்.
6. முடிவுகளை வெளியிடலாமா, யார் பெயரில்.
7. நடுவில் நிறுத்த வேண்டிவந்தால் யார் யாரிடம் சொல்ல வேண்டும்.

அமைப்பின் பொறுப்பாளர், உங்கள் ஆசிரியர், குழுவின் தொடர்பாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். நடுவில் "அப்படியே இதையும் பாருங்களேன்" என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். முகத்துக்கு நேரே மறுக்க வேண்டியதில்லை. வரையறைத் தாளை எடுத்து, "இதைச் சேர்க்க எதை எடுத்துவிடலாம் சார்?" என்று கேளுங்கள்.

### படி 5: அனுமதிகளை வாங்குங்கள்

- நெறிமுறைக் குழு: நோயாளிகளிடம் பேசப்போகிறீர்கள், அவர்களுடைய பதிவேட்டைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். மனிதர்களை உட்படுத்தும் சுகாதார ஆய்வுகளுக்கு ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள்தான் இங்கே அளவுகோல். வேலையை முடித்துவிட்டுப் பின்தேதியில் இந்த அனுமதியை வாங்க முடியாது.
- அரசு நிலையங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போவதாக இருந்தால் அங்குள்ள மருத்துவரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. மாவட்ட சுகாதார அலுவலகம் வழியாக எழுத்து அனுமதி வாங்குங்கள்.
- ஒப்புதல் படிவம்: எளிய தமிழில், ஒரு பக்கத்தில். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி முன்னிலையில் கைநாட்டு வாங்குங்கள். "இதில் சேராவிட்டாலும் இங்கே வழக்கம்போல சிகிச்சை கிடைக்கும்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அதை ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்ல ஏழைகளுக்குத் துணிவு வராது என்பதை மறக்காதீர்கள்.

## இரண்டாம் பகுதி: பத்து வாரம்

- வாரம் 1: வீட்டுப்பாடம்
- வாரம் 2–5: களம்
- வாரம் 6: எண்களும் காரணங்களும்
- வாரம் 7–8: சிறு சோதனை
- வாரம் 9: வரைவை அமைப்பிடம் காட்டுதல்
- வாரம் 10: ஒப்படைப்பு

சோதனைக்கு இரண்டு வாரம் என்பதைக் குறைக்காதீர்கள். களம் நீண்டால் பெரும்பாலான குழுக்கள் வெட்டுவது இதைத்தான். வெட்டினால் அமைப்புக்குக் கிடைப்பது வெறும் யோசனை.

### படி 6: வீட்டுப்பாடம்

பொதுவெளியில் கிடைக்கும் எதையும் அமைப்பிடம் கேட்காதீர்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தாள்களில் உயர் ரத்த அழுத்தம் பற்றிய விவரம் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் அரசு என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் மாதிரியில் இது மிக முக்கியம். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பி.பி., சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆகவே நம் மருத்துவமனை "நின்றுவிட்டார்" என்று குறித்திருக்கும் ஒருவர் வீட்டு வாசலிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கலாம். இது தெரியாமல் களத்துக்குப் போகும் குழு, இல்லாத பிரச்சினைக்குத் தீர்வு எழுதும்.

### படி 7: களத்தில்

முதல் இரண்டு நாள் எதையும் கேட்காதீர்கள். பாருங்கள். ஒரு நோயாளியின் சம்மதத்தோடு அவர் கேட்டுக்குள் நுழைவதிலிருந்து மாத்திரை வாங்கி வெளியே போவது வரை கூடவே இருந்து, ஒவ்வோர் இடத்திலும் கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். டாக்டர் அறைக்குள் நோயாளி அழைத்தால் மட்டும் போங்கள். சில நோயாளிகளோடு இப்படி நடந்தாலே எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். கடைசிப் பஸ் 12 மணிக்கு, மாத்திரை கவுன்டர் திறப்பது 11.45க்கு என்ற மாதிரி விஷயங்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அடுத்து பதிவேடு. பெயர், போன் நம்பர், ஆதார் எண்ணைப் பிரதி எடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனையிலேயே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

பிறகு பேச்சு. வந்துகொண்டிருப்பவர்கள், நின்றவர்கள் இரு தரப்பிடமும் பேசுங்கள். வருகிறவர்களிடம் மட்டும் பேசினால் நின்றதன் காரணம் ஒருநாளும் கிடைக்காது. நின்றவர்களை மருத்துவமனை ஊழியரே முதலில் கூப்பிட்டு, உங்களிடம் பேசச் சம்மதமா என்று கேட்க வேண்டும். நீங்கள் நேராகப் போய்க் கதவைத் தட்டக்கூடாது.

கேட்கும் விதம்தான் பதிலைத் தீர்மானிக்கும்:

- "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா பாட்டி?" – "ஆமா கண்ணு" என்பதுதான் பதிலாக வரும்.
- "போன வாரத்துல மாத்திரை போடாம விட்ட நாள் இருக்கா பாட்டி? அன்னைக்கு என்ன ஆச்சு?" – இதற்குக் கதை வரும்.
- "டாக்டர் சரியா பார்க்குறாரா?" – கேட்கவே கேட்காதீர்கள். அவர் நாளைக்கும் அதே டாக்டரிடம்தான் போக வேண்டும்.
- "மாத்திரை தீர்ந்தப்போ என்ன பண்ணீங்க?" – மருந்துக்கடை, பக்கத்து வீட்டு மாத்திரை, தன்னார்வலர், எதுவும் இல்லை என எல்லாம் வெளியே வரும்.

ஊழியர்களிடம் பேசும்போது நோயாளிக் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். "இதில் உங்கள் வேலையை எது கடினமாக்குகிறது?" என்று தொடங்குங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று தொடங்கினால் அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார்கள். அது நியாயமும்கூட.

வாராந்திரப் பழக்கம்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அமைப்புக்கு ஐந்து வரி அனுப்புங்கள்: இந்த வாரம் செய்தது, தெரிந்துகொண்டது, சந்தேகம், அடுத்த வாரம், உங்களிடம் வேண்டுவது. பத்தாவது வாரம் எந்த முடிவும் அவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கக்கூடாது.

### படி 8: எண்களும் காரணங்களும்

எதை எதால் வகுக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "இன்று வந்தவர்களில் பி.பி. கட்டுக்குள் இருப்பவர்கள்" என்று கணக்கிட்டால், வராதவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள், நிலைமை நன்றாக இருப்பதாகத் தோன்றும். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, சிகிச்சைக்குப் பதிவானவர்களை அடிப்படையாக வைத்து, கடைசி வருகையில் 140/90க்குக் கீழே இருந்தவர்களைக் கணக்கிடுகிறது. வராமல் போனவர்களையும் தனியாக எண்ணுகிறது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

"வராதவர்கள்" என்ற ஒரே குவியலை ஐந்தாகப் பிரியுங்கள்:

1. இறந்துவிட்டவர்கள்.
2. ஊர் மாறியவர்கள்.
3. வேறு இடத்தில் மருந்து வாங்குபவர்கள்.
4. மருந்தையே நிறுத்தியவர்கள்.
5. தொடர்பு கிடைக்காதவர்கள்.

நீங்கள் தேடிய நோயாளி நான்காவது குவியலில் இருக்கிறார். அவருடைய காரணங்களையும் பிரித்து எழுதுங்கள்: உடம்பு சரியாகிவிட்டது என்ற நினைப்பு, கூலி இழப்பு, பஸ், ஸ்டாக் இல்லாதது, அலைக்கழிப்பு. இவற்றில் மருத்துவமனையின் கையில் இருப்பவற்றுக்கு எதிரே ஒரு டிக் போடுங்கள்.

அளவிடும்போது தெரிந்துகொள்வதையும் செய்வதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு, வெல்லம், தண்ணீர் கலந்த கரைசலைத் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பின்னர் சோதித்து, அதற்கேற்பப் பணியாளர்களுக்குச் சம்பளம் தரப்பட்டது. தாய்மார்கள் நன்றாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை. தேடிப் பார்த்தபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. பணியாளர்களை நம்பவைத்து, வீட்டு ஆண்களிடமும் பேசத் தொடங்கிய பிறகு பயன்பாடு கூடியது. வெறும் நினைவை மட்டும் அளந்திருந்தால் திட்டம் வெற்றி என்று எழுதி மூடியிருப்பார்கள்.

### படி 9: சிறிய தீர்வு, சிறிய சோதனை

எத்தனை யோசனை வந்தாலும் ஒவ்வொன்றையும் இந்த ஐந்து கேள்விகளால் சலியுங்கள்:

1. யார் செய்வார்? பதவியைச் சொன்னால் போதாது. இன்று அங்கே வேலை செய்யும் இன்னாரைக் காட்ட வேண்டும்.
2. வாரத்தில் எப்போது, எத்தனை நிமிடம்?
3. அதற்காக எந்த வேலையை விடுவார்?
4. என்ன செலவு, யார் தருவார்?
5. அவர் லீவில் போனால்?

நம் மாதிரிக்குத் தாங்கக்கூடிய ஒரு தீர்வு: தேதிப் பெட்டி.

1. ஒவ்வொரு பி.பி. நோயாளிக்கும் ஓர் அட்டை. அடுத்து வரவேண்டிய வாரம் எதுவோ, பெட்டியில் அந்த வாரத்துக்குரிய அறையில் அட்டையைப் போடுங்கள்.
2. நோயாளி வந்ததும் அட்டையை எடுத்து, அடுத்த தேதிக்குரிய அறைக்கு மாற்ற வேண்டும்.
3. வார முடிவில் அந்த அறையில் மீதமிருக்கும் அட்டைகள்தான் வராதவர்கள்.
4. சனிக்கிழமை நர்ஸ் அந்த அட்டைகளை எடுத்துப் போன் செய்கிறார். கேட்பது ஒன்றே: "மாத்திரை இருக்கா, எங்க வாங்குறீங்க?"
5. பதிலை அட்டையில் எழுதுகிறார். வேறிடத்தில் வாங்குபவர் அட்டை தனிக்கட்டுக்குப் போகிறது.

இதை இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். முதல் வாரம் நீங்கள் கூட இருங்கள். இரண்டாவது வாரம் தள்ளி நில்லுங்கள். சனிக்கிழமை போன் போகவில்லை என்றால், ஏன் என்று கேட்டு முறையைத் திருத்துங்கள். நர்ஸைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: "ஆப் செய்து தருகிறோம்." அதைப் பராமரிப்பவர் யார், போன் மாறினால் என்ன ஆகும், செய்தவர் படிப்பை முடித்துப் போனபின் பழுது பார்ப்பவர் யார் என்பதற்குப் பதில் இல்லாமல் ஆப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிளேபம்ப் என்ற குடிநீர்த் திட்டம் இதற்கு எச்சரிக்கை. குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தால் தண்ணீர் இறைக்கும் யோசனை. 2006இல் அமெரிக்காவில் பெரும் நிதி அறிவிப்புகள் வந்தன. ஆனால் கிராமங்களில் தேவையான அளவுக்குக் குழந்தைகள் சுற்றவில்லை. பல இடங்களில் பெண்களே அதைக் கையால் தள்ளித் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. பழுதானால் சரிசெய்வதும் கடினமாக இருந்தது. 2010க்குள் அதை முன்னெடுத்த அமெரிக்க அமைப்பு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. தினமும் தண்ணீர் தூக்கும் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவை இவை.

### படி 10: ஒப்படைப்பு

1. ஒன்பதாவது வாரமே வரைவைக் கொடுங்கள். உண்மைப் பிழை, ஊழியரைப் புண்படுத்தும் வரி, நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் ஆகியவற்றை அவர்கள் சுட்டிக்காட்டட்டும். முடிவையே மாற்றச் சொன்னால் ஆசிரியரை நடுவில் வைத்துப் பேசுங்கள்.
2. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கேள்வி, விடை, திங்கட்கிழமை முதல் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் இருக்கட்டும்.
3. செயல்முறையை ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, பெட்டி இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.
4. பிரசன்டேஷனை டாக்டர், நிர்வாகிகளோடு நிறுத்தாதீர்கள். கவுன்டரில் இருப்பவர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரையும் அழையுங்கள். பதில் சொன்ன நோயாளிகளுக்கும் முடிவை எளிமையாகச் சொல்ல ஒரு வழி வைத்திருங்கள்.
5. கடைசி நாளில் நர்ஸ் உங்களுக்குச் செய்து காட்டட்டும். நீங்கள் காட்டுவதல்ல, அதுதான் ஒப்படைப்பு.

## பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக்கூடாத விதிகள்

### நோயாளிகளுக்கு

- மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். மருத்துவ மாணவராக இருந்தாலும் இந்தப் பணியில் நீங்கள் சிகிச்சை அளிப்பவர் அல்ல.
- பி.பி. அளவு எதைத் தாண்டினால், என்ன அறிகுறி சொன்னால் உடனே நர்ஸை அழைக்க வேண்டும் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் என்றால் பேட்டியை நிறுத்தி 108ஐ அழையுங்கள்.
- ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேட்டியில் தெரியவந்தாலும் குழுக் கூட்டத்தில்கூட பெயரோடு பேசாதீர்கள்.
- குழந்தை மீது பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரிந்தால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 உதவும்.
- நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் குழு செல்ஃபியின் பின்னணியில்கூட அவர்கள் வரக்கூடாது.
- தரவு பொது வாட்ஸ்அப் குழுவில் போகக்கூடாது. கடவுச்சொல் உள்ள ஒரே கோப்பில் இருக்கட்டும்.

### உங்களுக்கு

- வீடுகளுக்கு இருவராகப் போங்கள், பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள். போகும் இடமும் திரும்பும் நேரமும் களப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கட்டும்.
- காசநோய் நோயாளிகளோடு பேசுவதென்றால் காற்றோட்டமான திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். மாஸ்க் பற்றி மருத்துவமனை சொல்வதைக் கடைப்பிடியுங்கள்.
- நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.
- பெண்கள் உதவி எண் 181. மன அழுத்தத்துக்கு டெலி மானஸ் 14416. துயரக் கதைகளை நாள்தோறும் கேட்பது மனதை அழுத்தும். வாரம் ஒருமுறை ஆசிரியரோடு உட்கார்ந்து அதைப் பற்றியும் பேசுங்கள்.

## வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து செய்தால்

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் இங்குள்ள மருத்துவமனைகளுக்கு வந்து இதே பணியைச் செய்வதுண்டு. அப்போது உள்ளூர் மாணவர்கள் மொழிபெயர்ப்பாளர்களாக மட்டும் நின்றுவிடுவது பொதுவாக நடக்கிறது. பணி வரையறையிலேயே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கேள்வியைத் தீர்மானிப்பதில் பங்கு, அறிக்கையில் சமமாகப் பெயர், ஒப்படைப்பைத் தமிழில் நடத்தும் பொறுப்பு. ஊரிலேயே இருக்கப்போவது நீங்கள். மூன்று மாதம் கழித்துப் பெட்டியைப் போய்ப் பார்க்கப்போவதும் நீங்கள்தான்.

## கிளம்புவதற்கு முன் சரிபார்ப்புப் பட்டியல்

- [ ] பணி வரையறையில் சொன்னதெல்லாம் கொடுத்தாயிற்று
- [ ] செயல்முறைத் தாள் ஒட்டியாயிற்று
- [ ] பொறுப்பேற்றவரும், அவர் இல்லாத நாளில் செய்பவரும் ஒரு முறையாவது தனியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்
- [ ] கடன் வாங்கிய பதிவேடு, சாவி, அடையாள அட்டை திருப்பிக் கொடுத்தாயிற்று
- [ ] தரவை அழிக்கும் தேதி குறித்தாயிற்று, பொறுப்பானவர் பெயர் எழுதியாயிற்று
- [ ] நேரம் தந்த ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியாயிற்று
- [ ] மூன்று மாதம் கழித்துத் தொடர்பாளர் அழைக்க வேண்டிய தேதி நாட்காட்டியில் இருக்கிறது

அந்த அழைப்பில் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: போன சனிக்கிழமை எத்தனை அட்டைகள் மீதமிருந்தன? யார் போன் செய்தார்? இரண்டுக்கும் உடனே பதில் வந்தால் உங்கள் திட்டம் நிலைத்துவிட்டது. தயங்கினால், எங்கே நின்றது என்று கேட்டுக் குறித்து, அடுத்த ஆண்டு வரும் குழுவுக்கு அதையே முதல் கேள்வியாகக் கொடுங்கள்.